ஒரு புள்ளியின் விலை

நூல்.ஆசிரியர்.பெயர்

இது ஒரு நிரலின் துண்டு. பைதான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், இதை இப்படியே கணினியில் ஓட்டவும் முடியும். ‘இந்த நூலின் ஆசிரியருடைய பெயரைக் கொடு’ என்று பொருள். நடுவே இரண்டு புள்ளிகள். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓடும்போதுதான் வேறுபாடு. இரண்டாவது புள்ளி நினைவகத்துக்குள்ளேயே ஓரிடத்தை எட்டிப் பார்க்கும் வேலை. ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம் போதும். முதல் புள்ளியோ, நான் எழுதிய ஒரு நிரலில், மதுரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து மும்பைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை போய்வர 30 மில்லிசெகண்டு. மூன்று லட்சம் மடங்கு அதிகம். இரண்டாவது புள்ளிக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் புள்ளிக்கு மூன்றரை நாள் ஆகும்.

இவ்வளவு விலகிய இரண்டு வேலைகளை ஒரே குறிக்குள் மூடிவைக்கும் கருவிக்கு ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பர் என்று பெயர். நிரலாளர்கள் ஓ.ஆர்.எம். என்பார்கள். இணையத்துக்கு நிரல் எழுதக் கற்கும் பலர் தரவுத்தளத்தை முதன்முதலில் தொடுவதே இதன் வழியாகத்தான். நானும் அப்படித்தான் தொட்டேன். அதனால் எனக்கு என்ன கிடைத்தது, எது மறைந்துபோனது என்பதை அந்தப் பள்ளி நூலக வேலைதான் சொல்லிக்கொடுத்தது.

நூலகத்தில் சில ஆயிரம் புத்தகங்கள். நூலகப் பொறுப்பில் இருந்த டீச்சர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மர இழுப்பறைகளில் அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருந்த பட்டியலைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் ஜாங்கோ என்ற பைதான் சட்டகத்தைக் கொண்டு எழுதிக் கொடுத்தேன். என் மடிக்கணினியில் சோதனைக்காகப் பன்னிரண்டு புத்தகங்களை வைத்துப் பார்த்தபோது பட்டியல் உடனே வந்தது. பள்ளியில், முந்நூறு புத்தகங்களை ஆசிரியர் பெயரோடு ஒரே பக்கத்தில் காட்டச் சொன்னபோது ஒன்பது நொடி எடுத்தது. நிரல் ஓடியது பள்ளி அலுவலகக் கணினியில். தரவுத்தளம் இருந்ததோ மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில். “தம்பி, இதுக்கு என் பெட்டியே தேவலையே” என்றார் டீச்சர், வருத்தத்தோடு.

என்ன நடந்தது என்று அறிய, நிரல் தரவுத்தளத்திடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் பதிவு செய்யச் சொன்னேன். இந்தக் கேள்விக்கு வினவல் என்று பெயர். பேச்சில் எல்லாரும் குவெரி என்போம். ஒரே பக்கத்துக்கு 301 வினவல்கள் போயிருந்தன. முதல் வினவல் முந்நூறு புத்தகங்களைக் கொண்டுவந்தது. பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் ‘இதன் ஆசிரியர் யார்?’ என்று தனித்தனியாக ஒரு வினவல். 301-ஐ 30 மில்லிசெகண்டால் பெருக்கினால் ஒன்பது நொடி. நிரலில் நான் எழுதியிருந்தது, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை அச்சிடும் ஒரு சிறு சுழற்சி மட்டுமே. அதற்குள் இருந்த ஒரு புள்ளிதான் முந்நூறு முறை மும்பைக்குப் போய்வந்தது.

இந்தக் கோளாறு உலகம் முழுக்க நிரலாளர்களுக்குப் பழக்கமானது. ‘என் பிளஸ் ஒன்’ (N+1) என்று பெயர். அதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் வேர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு பெரிய வாதத்துக்குள் போகிறது.

1960-களில் தரவுத்தளம் என்பது பதிவுகளின் வலை. நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் ராக்கெட்டுக்கு எத்தனையோ உதிரிபாகங்கள். அவற்றைக் கணக்கு வைக்க ஐ.பி.எம். நிறுவனம் ஐ.எம்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கியது. அதில் பாகத்துக்குள் பாகம், அதற்குள் பாகம் என்று எல்லாம் மரம்போலக் கிளைத்திருக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் வடிவமைத்த ஐ.டி.எஸ். அமைப்பில் ஒரு பதிவு இன்னொரு பதிவைச் சுட்டும். அது வேறொன்றைச் சுட்டும். நிரலாளர் ஒரு பதிவில் ஏறி, சுட்டியைப் பிடித்து அடுத்த பதிவுக்குத் தாவி, அங்கிருந்து மற்றொன்றுக்குப் போவார். 1973-இல் பாக்மனுக்கு டூரிங் விருது கிடைத்தது. விருதுரையில் அவர் நிரலாளரைக் கடலில் வழி கண்டுபிடித்துச் செல்லும் மாலுமியாக உருவகித்தார்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1970-இல், ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் நேர் எதிரான ஒன்றை முன்வைத்திருந்தார். இங்கிலாந்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர். தரவு கணினிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவர் அறிந்திருக்கத் தேவையே இருக்கக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. எல்லாமே அட்டவணைகள். ஒவ்வொரு அட்டவணையும் ஒரு கணம், அதாவது கூட்டம். ஒரு வரி இன்னொரு வரியைச் சுட்டாது. இரண்டிலும் ஒரே மதிப்பு இருந்தால் அதுதான் உறவு. நூல் அட்டவணையில் ‘ஆசிரியர் எண் 17’ என்று இருக்கும். ஆசிரியர் அட்டவணையில் 17-ஆம் எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கும். அவ்வளவே. எந்த வழியாகப் போவது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எந்தக் கூட்டம் வேண்டும் என்று சொன்னால் போதும், வழியை இயந்திரமே தேடிக்கொள்ளும்.

1974-இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் நடந்த கருத்தரங்கில் பாக்மனும் காடும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அதே கருத்தரங்கில்தான் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க இன்று பயன்படும் எஸ்.கியூ.எல். மொழியின் முதல் வடிவத்தை அறிமுகப்படுத்திய கட்டுரையை அளித்தார்கள். பாய்ஸ் அந்த ஆண்டே, முப்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். நிரலாளர்கள் நாள்தோறும் தட்டச்சு செய்யும் மொழியை உருவாக்கியவர் அதன் வளர்ச்சியைப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொடும் செய்தி.

வாதத்தில் வென்றது காலப்போக்கில் காட்தான். 1981-இல் அவருக்கும் டூரிங் விருது வந்தது. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அட்டவணைகளுக்கு மாறின. ஆனால் அதே காலத்தில் நிரல்மொழிகள் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தன. ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67, பிறகு ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கேயின் குழு உருவாக்கிய ஸ்மால்டாக் என்று, ஆப்ஜெக்டுகளால் உலகைக் கட்டும் முறை வளர்ந்தது. ஆப்ஜெக்ட் என்பது தன் தரவையும் தன் வேலைகளையும் சேர்த்தே வைத்திருக்கும் ஒரு பொருள். ஒரு பொருள் இன்னொன்றின் கையைப் பிடித்திருக்கும். நூல் தன் ஆசிரியரைச் சுட்டும். ஆசிரியர் தன் நூல்களைச் சுட்டுவார். கவனித்தால், இது பாக்மனின் கடல்தான். தரவு காடிடம் போயிற்று. நிரல் பாக்மனிடமே இருந்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் இடையிலான பொருந்தாமைக்கு மின்பொறியியலிலிருந்து ஒரு பெயரைக் கடன் வாங்கினார்கள். மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) வேறுபட்ட இரண்டு சுற்றுகளை அப்படியே இணைத்தால் ஆற்றல் முழுதாகக் கடக்காது. அதற்கு வழங்கிய ‘இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்’ என்ற சொல்லையே இங்கும் பயன்படுத்தினார்கள். பொருந்தாத இடங்கள் பல. நூல், இதழ், ஒலிநாடா மூன்றும் ‘நூலகப் பொருள்’ என்ற பொதுவகையின் பிள்ளைகள் என்று நிரலில் சொல்லலாம். அட்டவணைக்குப் பிள்ளை கிடையாது. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் திணித்துப் பாதிப் பத்திகளைக் காலியாக விடுவதா, பொதுவானதை ஒன்றிலும் மற்றதை மூன்றிலும் பிரிப்பதா, மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பொதுவான பத்திகளைத் திரும்ப எழுதுவதா? எதைத் தேர்ந்தாலும் ஒரு வசதி போகும். நினைவகத்தில் ஒரே விவரங்களோடு இரண்டு பொருள்கள் இருந்தால் அவை இரண்டுதான். தரவுத்தளத்தில் ஒரே எண் என்றால் அது ஒன்றேதான். இவையெல்லாம் முக்கியம். ஆனாலும் என் அனுபவத்தில் ஆளை வீழ்த்துவது அந்தப் புள்ளிதான்.

இடைவெளியை நிரப்பும் கருவிகள் 1990-களிலேயே வந்துவிட்டன. ஸ்மால்டாக்கில் பிறந்த டாப்லிங்க் முன்னோடிகளில் ஒன்று. 2001-இல் கேவின் கிங் ஜாவாவுக்காக ஹைபர்னேட்டைத் தொடங்கினார். 2002-இல் வந்த மார்ட்டின் ஃபௌலரின் புத்தகம் இந்தக் கருவிகளின் உள்ளுறுப்புகளுக்குப் பெயர் சூட்டியது; இன்றும் அந்தப் பெயர்களில்தான் பேசிக்கொள்கிறோம். 2004-இல் ரூபி ஆன் ரெயில்ஸ் தன் ஓ.ஆர்.எம்.முக்கு அந்தப் புத்தகத்திலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டது. 2006-இல் பைதானுக்கு மைக் பேயரின் எஸ்.கியூ.எல்.ஆல்கெமி வந்தது.

நான் பயன்படுத்திய ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர். அங்கே லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழ். 2003-இல் அதன் இணையப் பிரிவில் இருந்த அட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும், செய்தி அறை கேட்கும் பக்கங்களைச் சில நாட்களில், சிலவேளை சில மணி நேரத்தில், கட்டித்தர வேண்டியிருந்தது. தேர்தல் முடிவுகள், விளையாட்டு அட்டவணைகள், நகர நிகழ்ச்சிகள் எல்லாமே அட்டவணையில் இருக்கும் தரவு. ஒவ்வொன்றுக்கும் எஸ்.கியூ.எல்.லைக் கையால் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த அவசரத்தில் விளைந்த கருவியை 2005 ஜூலையில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர் அதற்கு.

அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். நூல் என்றொரு கிளாஸை, அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சை, எழுதுகிறோம்: தலைப்பு ஓர் எழுத்துத் தொடர், ஆண்டு ஓர் எண், ஆசிரியர் என்பது இன்னொரு கிளாஸைக் குறிக்கும் அயல்சாவி. நிரல் தொடங்கி இந்த வரிகளைப் படிக்கும் கணத்திலேயே ஜாங்கோ கிளாஸைப் பிரித்துப் பார்த்து, எந்தப் புலம் எந்த அட்டவணையின் எந்தப் பத்தி என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்கிறது. ‘1970-க்கு முன் வந்த நூல்கள்’ என்று கேட்டால் உடனே தரவுத்தளத்துக்கு ஓடுவதில்லை. கேள்வியை ஒரு மரமாக மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ‘தலைப்பில் மழை என்று இருப்பவை’ என்று அதன்மேல் இன்னொரு நிபந்தனை சேர்த்தால் மரத்தில் ஒரு கிளை கூடும். ‘ஆண்டுவாரியாக அடுக்கு’ என்றால் இன்னொன்று. யாரோ ஒருவர் முடிவை உண்மையிலேயே எடுத்துப் படிக்கத் தொடங்கும்போதுதான், மரம் முழுவதும் ஒரே எஸ்.கியூ.எல். வாக்கியமாக விரிகிறது. அதுவும் எதிரில் இருக்கும் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்ஸா, மைஎஸ்கியூஎல்லா, ஆரக்கிளா என்று பார்த்து, அதனதன் வழக்குக்கு ஏற்ப. ‘முதல் பத்து வரி மட்டும்’ என்பதைக்கூட ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். திரும்பி வரும் வெறும் வரிகளுக்குக் கிளாஸின் உருவத்தை மாட்டி, பொருள்களாக நம் கையில் தருகிறது.

இந்தக் காத்திருப்பு ஓர் அருமையான ஏற்பாடு. நிபந்தனைகளைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் சேர்க்கலாம். கடைசியில் போவது ஒரே பயணம். ஆனால் இதே சோம்பல்தான் நூல்.ஆசிரியர் என்ற புள்ளியிலும் ஒளிந்திருக்கிறது. நூலை எடுக்கும்போது ஆசிரியரின் எண் மட்டுமே கையில் வருகிறது. ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் ஆசிரியர் இல்லை, ஒரு காவலாளி நிற்கிறார். புள்ளி வைத்து அவரைத் தொட்டதும், ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருக்கிறோமா என்று பைக்குள் பார்க்கிறார். இருந்தால் எடுத்துத் தருகிறார். இல்லாவிட்டால், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தரவுத்தளத்துக்குப் போய் அந்த ஒரே ஓர் ஆசிரியரை அழைத்துவருகிறார். ஒரு நூலின் பக்கத்தைக் காட்டும்போது அவரால் பெரிய உதவி. முந்நூறு நூல்களைச் சுற்றும்போது முந்நூறு பயணம். நான் காடின் தரவுத்தளத்தில், எனக்கே தெரியாமல், பாக்மனின் மாலுமியாகத் துறைமுகம் துறைமுகமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

திருத்தம் ஒரு சொல்தான். நூல்களைக் கேட்கும்போதே ‘ஆசிரியரோடு சேர்த்து’ என்று சொல்ல ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் என்ற வழி உண்டு. அது இரண்டு அட்டவணைகளையும் தரவுத்தளத்திலேயே இணைத்து, நூலும் ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வரிகளாக ஒரே தடவையில் கொண்டுவரும். காவலாளியின் பை முன்கூட்டியே நிறைந்துவிடும். ஒரு நூலுக்கு ஒரே ஆசிரியர் என்றால் இது போதும். டீச்சர் அடுத்ததாகப் பொருள் தலைப்புகளையும் கேட்டார்: ‘வரலாறு’, ‘சிறுவர்’, ‘பயணம்’ என்று ஒரு நூலுக்குப் பல. இங்கே அட்டவணைகளைக் கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் வேறொரு தொல்லை. மூன்று தொகுப்பாசிரியர்களும் ஐந்து தலைப்புகளும் உள்ள ஒரு நூல், இணைப்பில் 15 வரிகளாகப் பெருகிவிடும். அதற்குத்தான் பிரீஃபெட்ச் ரிலேட்டட்: முந்நூறு நூல்களின் எண்களை ஒரு பட்டியலாக்கி, ‘இவற்றுக்கெல்லாம் உரிய தலைப்புகளைக் கொடு’ என்று இரண்டாவதாக ஒரே வினவல் அனுப்பி, வந்தவற்றை நினைவகத்தில் உரிய நூல்களோடு தைத்துவிடும். 301 வினவல்கள் இரண்டாயின. பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது.

இந்தத் தந்திரச் சொற்களை மனப்பாடம் செய்வதால் மட்டும் ஒருவர் தப்பிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. மாற வேண்டியது கேட்கும் முறை. ஒவ்வோர் ஆசிரியருக்கும் எத்தனை நூல்கள் என்று அறிய, ஆசிரியர்களைச் சுற்றிவந்து ஒவ்வொருவரின் நூல்களையும் எண்ணலாம். அது மாலுமியின் வழி. ‘ஆசிரியர்கள், அவரவர் நூல்களின் எண்ணிக்கையோடு’ என்று ஒரு கூட்டமாகவும் கேட்கலாம். 1970-க்கு முந்தைய நூல்களை எல்லாம் ‘வீட்டுக்குக் கொடுப்பதில்லை’ என்று குறிக்க வேண்டுமானால், ஒவ்வொன்றாக எடுத்து மாற்றிச் சேமிக்கலாம். அந்தக் கூட்டத்துக்கே ஒரே கட்டளையும் இடலாம். ஓ.ஆர்.எம்.மில் இரண்டுக்கும் வழி உண்டு. முதல் வழி விரலுக்கு எளிதாக வருகிறது என்பதே சிக்கல். கூட்டமாகக் கட்டளையிடும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கிளாஸின் சேமிப்பு முறையில் நாம் எழுதிவைத்த தனி விதிகள் அப்போது ஓடாது, ஏனென்றால் நூல்கள் பொருள்களாக நினைவகத்துக்கு வரவே இல்லை.

படிப்பதில் நேரம்தான் போகும். எழுதுவதில் கணக்கே தப்பிவிடும். ஒரு நூலின் ஐந்து படிகள் அலமாரியில் இருக்கின்றன. இரண்டு மேசைகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று கடன் கொடுக்கிறார்கள். இரு நிரல்களும் ‘படிகள் 5’ என்று படிக்கின்றன. இரண்டும் ஒன்றைக் கழித்து ‘4’ என்று எழுதுகின்றன. அலமாரியில் மூன்றுதான் இருக்கும். ‘நூல்.படிகள்’ என்பது உயிருள்ள எண்ணிக்கை என்று கண்ணுக்குத் தோன்றுகிறது; உண்மையில் அது எப்போதோ எடுத்த ஒரு நகல். இதைத் தவிர்க்க ‘இப்போது அங்கே என்ன இருக்கிறதோ அதிலிருந்து ஒன்றைக் கழி’ என்று கழித்தலையே தரவுத்தளத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஜாங்கோவில் அதற்கு ஓர் எழுத்துப் பெயர்தான்: எஃப். இவ்வளவு முக்கியமான ஒன்றைத் தொடக்கப் பாடங்களில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

எஸ்.கியூ.எல்.ஆல்கெமி இந்த எழுதும் பக்கத்தை வேறு விதமாக அணுகுகிறது. அங்கே செஷன் என்ற ஒரு பேரேடு உண்டு. ஒரு பேரேட்டுக்குள் ஒரு வரிக்கு ஒரே பொருள்தான். 17-ஆம் ஆசிரியரை எத்தனை முறை கேட்டாலும் அதே ஆள் வருவார். நீங்கள் செய்யும் மாற்றங்கள் பேரேட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். முடிக்கும்போது எது எதை நம்பியிருக்கிறது என்று வரிசைப்படுத்தி, புதிய ஆசிரியரை முதலில், அவருடைய நூலைப் பிறகு என்று எழுதும். எஸ்.கியூ.எல்.லை மறைக்காமல், அதன் உறுப்புகளையே பைதான் பொருள்களாகத் தரும் அதன் போக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

2006-இல் டெட் நியூவர்டு என்பவர் ஓ.ஆர்.எம்.மை வியட்நாம் போரோடு ஒப்பிட்டுக் கடுமையாக எழுதினார். தொடக்கத்தில் எளிய வெற்றிகள், பிறகு மீளமுடியாத சிக்கல் என்பது அவர் வாதம். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அவர் பக்கம் இல்லை. காரணம், கையால் எழுதிய எஸ்.கியூ.எல். என்ன செய்யும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். தூத்துக்குடிக் கடற்கரையில் டிசூசா, டிகுரூஸ் என்று குடும்பப் பெயர்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’க்குப் பிறகு ஒரு மேற்கோள்குறி வரும். எஸ்.கியூ.எல்.லில் அதே குறிதான் எழுத்துத் தொடரின் எல்லை. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே வாக்கியத்துக்குள் ஒட்டும் நிரல், டிசூசா வந்து நின்ற கணத்தில் உடையும். உடைவதோடு நின்றால் பரவாயில்லை. எல்லைக்குறியைத் தாண்டி எழுதியது கட்டளையாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், கெட்ட எண்ணம் உள்ளவர் அந்தப் பெட்டிக்குள் எதையும் எழுதி அட்டவணையையே அழிக்கலாம். இந்தத் தாக்குதலை 1998-லேயே வெளிப்படையாக விளக்கிவிட்டார்கள், இன்றும் ஓயவில்லை. ஓ.ஆர்.எம். வழக்கமாக வாக்கியத்தையும் மதிப்புகளையும் தனித்தனியாகவே ஒப்படைக்கிறது; பெயர் எந்த நிலையிலும் கட்டளையாவதில்லை. ஒரு மாணவர் எழுதும் முதல் நிரலிலேயே இந்தப் பாதுகாப்பு இயல்பாக அமைந்துவிடுகிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

காவலாளியின் மௌனப் பயணங்களுக்கும் இப்போது கடிவாளம் வந்துவிட்டது. எஸ்.கியூ.எல்.ஆல்கெமியில் ரெய்ஸ்லோட் என்று சொல்லிவிட்டால், முன்கூட்டிக் கொண்டுவராத ஒன்றைப் புள்ளி வைத்துத் தொட்டதும் பயணம் போகாமல் பிழை காட்டி நின்றுவிடும். ரெயில்ஸ் 2020 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் இதேபோன்ற கண்டிப்பைச் சேர்த்தது. ஜாங்கோவில் நான் நம்பியிருப்பது சோதனையை: ‘இந்தப் பக்கத்துக்கு இரண்டு வினவல்கள்தான், மூன்றாவது போனால் சோதனை தோற்க வேண்டும்’ என்று ஒரு வரியில் எழுதிவைக்கலாம். நூலகத்துக்கு அப்படித்தான் எழுதினேன்.

வேகம் சரியானதும் கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் டீச்சர் கூப்பிட்டார். “சீக்கிரமா வருது தம்பி, சந்தோஷம். ஆனா ‘இலை’க்கு முன்னாடி ‘இறகு’ எப்படி வந்தது? ‘அக்கா’வுக்கு முன்னாடி ‘அகம்’ நிக்குதே?” முப்பது ஆண்டுகள் அகர வரிசையில் அட்டை அடுக்கிய கண் அது.

‘தலைப்புவாரியாக அடுக்கு’ என்று ஓ.ஆர்.எம்.மிடம் சொல்லியிருந்தேன். அது அந்தப் பொறுப்பை அப்படியே தரவுத்தளத்திடம் கொடுத்துவிட்டது. தரவுத்தளம், வேறு எதுவும் சொல்லப்படாததால், யூனிகோடு எண்களின் வரிசையில் அடுக்கியது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988-இல் வகுத்த இஸ்கி தரத்தின் அமைப்பைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் பொருத்துவது இஸ்கியின் நோக்கம். அதனால் ற-வுக்கு ர-வின் அருகிலும், ன-வுக்கு ந-வின் அருகிலும் இடம் கிடைத்தது. நம் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியவை நடுவே போய்விட்டன. ழ-வும் ள-வும் இடம் மாறியிருக்கின்றன. ‘அக்கா’வின் கதை வேறு. நம் அகராதிகளில் புள்ளி வைத்த க் முதலில், பிறகுதான் க. யூனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறி. அதன் எண் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது. மறுபடியும் ஒரு புள்ளி.

மும்பை சர்வரில் இருந்த தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அது 2017-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து ஐ.சி.யூ. என்ற நிரல்தொகுப்பின் மொழிவாரி அடுக்குமுறைகளை ஏற்கிறது. அதில் தமிழும் உண்டு. ஜாங்கோவும் 2021-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, ஒரு புலத்தின் வரையறையிலேயே அடுக்குமுறையைக் குறிப்பிட இடம் தருகிறது. தலைப்பு என்ற புலத்தில் அந்த ஒரு குறிப்பைச் சேர்த்தேன். மாற்றத்தைக் கண்டுபிடித்து, ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில் அதைச் செய்யும் கட்டளைகளை ஜாங்கோவே எழுதிக்கொண்டது. இந்த வசதிக்கு மைக்ரேஷன் என்று பெயர். ஆனால் என் மடிக்கணினியில் நிரல் நின்றுபோனது. அங்கே இருந்த தரவுத்தளம் எஸ்கியூலைட். அந்த அடுக்குமுறையின் பெயரே அதற்குத் தெரியாது. தலைப்பின் நீளத்துக்கு நான் வைத்திருந்த வரம்பைக்கூட அது இதுவரை சரிபார்க்கவே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. ‘தமிழ்’ என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதானுக்கு ஐந்து, சேமிப்பில் பதினைந்து பைட். நீளமான தலைப்பு ஒன்று பள்ளியில்தான் முதலில் முட்டியிருக்கும். கீழே இருப்பது எதுவானாலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்ததை அன்றே விட்டுவிட்டு, மடிக்கணினியிலும் போஸ்ட்கிரெஸ்ஸை நிறுவினேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் ‘இ’ இழுப்பறையைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார். திரையில் ஒரு வரி, அட்டையில் ஒரு வரி என்று விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். இலக்கணம், இலை, இளமை, இறகு, இனிப்பு. அவர் அடுத்த பக்கத்துக்குப் போகும்போதெல்லாம் நான் பக்கத்து நாற்காலியில் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு வினவல்கள் போயின.